எரியாத விளக்கையும் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் பதில்கள்

டேஷ்போர்டில் எரிகிற படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனால் வண்டியோடு கொடுத்த கையேட்டையே திரும்ப எழுதியதாகிவிடும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். படம் புரியவில்லையா, நிறத்தைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் பத்திரமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் ஓட்டிக்கொண்டு போகலாம், ஆனால் சீக்கிரம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். பச்சையும் நீலமும் எச்சரிக்கை இல்லை, ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்ற தகவல். ஹை பீம் நீலம். சில வண்டிகளில் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதற்கும் நீலம் வரும். ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரத்தில் இந்தப் படங்கள் வகுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கம்பெனி வண்டியில் ஏறினாலும் முக்கியமான படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி கடிதங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது ஆயில் கேன் படம் சிவப்பாக மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் பார்த்தேன், ஆயில் அளவு சரியாக இருக்கிறது. "சென்சார் போயிருக்கும், நீ பாட்டுக்கு ஓட்டு" என்கிறான் நண்பன். ஓட்டலாமா, அண்ணா?

ஓட்டாதீர்கள். வண்டியைக் கட்டி இழுத்தாவது ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது அழுத்தத்தை. (அளவு குறைந்தால் சில வண்டிகளில் மஞ்சளாக, அடியில் அலைக்கோடு போட்ட கேன் படம் வரும். அது வேறு.) இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன ஸ்விட்ச் திருகியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் சுமார் அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனால்தான் அது விளக்கைப் போடும். சூடான இன்ஜின் சாலையில் ஓடும்போது இரண்டு, மூன்று பார் இருக்க வேண்டிய இடம் அது. அழுத்தம் குறைந்துகொண்டு வருகிறது என்று முன்கூட்டியே சொல்கிற வசதி அந்த ஸ்விட்சுக்குக் கிடையாது. ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற நிலைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கும். இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்குகிற பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது நடுவில் நிற்கும் ஆயில் படலத்தால். அழுத்தம் போனால் உலோகமும் உலோகமும் உரசும். டர்போ உள்ள வண்டி என்றால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு ஒன்று அந்த ஆயிலை நம்பியே இருக்கிறது.

நிற்கும்போது எரிந்து, ரேஸ் செய்தால் அணைவது ஏன் என்றால், ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் இறங்கும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கிற வலையைக் கசடு அடைத்திருக்கலாம். பம்பே தேய்ந்திருக்கலாம். கம்பெனி சொன்ன கிரேடைவிட இளகிய ஆயிலை யாராவது ஊற்றியிருக்கலாம். உங்கள் நண்பர் சொல்கிறபடி ஸ்விட்ச் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதை ஊகத்தில் முடிவுசெய்யக் கூடாது. ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பெரிய வேலை இல்லை. முள் சரியான இடத்தில் நின்றால் புது ஸ்விட்ச் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ஓட்டிப் பார்த்தபோது டேஷ்போர்டில் ஒரு வார்னிங் லைட்கூட எரியவில்லை. வண்டி சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நல்ல வேளையாக வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்கள். எடுத்துக்கொள்ள முடியாது.

மறுபடி போய், சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். பட்டன் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இந்த நிலைக்கு வரும். பல வண்டிகளில் இரண்டு தடவை அழுத்த வேண்டும். இப்போது ஆயில், பேட்டரி, இன்ஜின் செக், ஏர்பேக், ஏ.பி.எஸ். என்று வரிசையாக எல்லாம் எரிய வேண்டும். "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று ஒவ்வொரு விளக்கும் ஆஜர் சொல்கிற நேரம் அது. இந்த நேரத்தில் எரியாத விளக்கு, வண்டி ஓடும்போதும் எரியாது. பல்பு போயிருக்க வேண்டும், அல்லது யாராவது வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, எது எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் தங்கள் சோதனையை முடித்துக்கொண்டு சில நொடிகளில் தாமாகவே அணையும், இன்ஜின் ஓட வேண்டும் என்ற அவசியம் பெரும்பாலும் இல்லை. ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற வரைக்கும் எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அதுவரை ஆயில் அழுத்தமும் இல்லை, சார்ஜும் இல்லை. ஏர்பேக் விளக்கு, ஆயில் விளக்கோடு கைகோத்துக்கொண்டு அதே நொடியில் அணைந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

காரணம் இருக்கிறது. பெட்ரோல் முள் அசையவில்லை என்று ஒரு வண்டி வந்தது. மீட்டரைக் கழற்றி மேஜையில் கவிழ்த்தேன். பின்பக்கத் தகட்டில் ஏர்பேக் பல்பின் காலிலிருந்து மயிரிழை கனத்தில் ஒரு செம்பு ஒயர் கிளம்பி, இரண்டு பல்பு தள்ளி, ஆயில் விளக்கின் காலில் போய் முடிந்திருந்தது. சால்டர் வைத்த கை தேர்ந்த கை. நடுவில் எங்கும் தொடாமல் இருக்க ஒயரின் மேல் வார்னிஷ்கூடத் தடவியிருந்தார்கள். சாவி போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும், ஸ்டார்ட் செய்தால் இரண்டும் சேர்ந்து அணையும். பார்க்கிறவர் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத்தான் நினைப்பார். ஸ்டீயரிங் நடுமூடியைத் திறந்தால் உள்ளே ஏர்பேக்கே இல்லை. எப்போதோ ஒரு விபத்தில் வெடித்திருக்கிறது, புதிது போடாமல் மூடியை மட்டும் மாட்டி விற்றிருக்கிறார்கள். வாங்கிய மனிதருக்கு எதுவும் தெரியாது. அந்த வண்டியில்தான் மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

இப்போது வருகிற வண்டிகளில் தனித்தனி பல்பு கிடையாது, எல்லாம் போர்டோடு சேர்ந்த எல்.இ.டி. அதனால் ஏமாற்றும் முறையும் மாறிவிட்டது. ஏர்பேக் இருக்க வேண்டிய கனெக்டரில் சுமார் இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகிவிடுவார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் "ஏர்பேக் இருக்கிறது" என்று நம்பி விளக்கை முறைப்படி அணைத்துவிடும். ஆகவே விளக்குச் சோதனை முதல் படிதான். ஸ்டீயரிங் மூடியும் டேஷ்போர்டின் இடப்பக்க, வலப்பக்கப் பிளாஸ்டிக்கும் ஒரே நிறமா, ஒரே வழவழப்பா என்று பாருங்கள். சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். பெரிய மோதலில் முன்பக்க பெல்ட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் வெடித்திருக்கும், பெல்ட் பாதியில் சிக்கி நிற்கும். ஸ்கேனரில் ஏர்பேக் மாட்யூலைத் திறந்து, விபத்துப் பதிவு இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: இன்ஜின் செக் லைட் வந்தது. ஸ்கேனர் வைத்து அழித்துக் கொடுத்தார்கள். சில நாளில் திரும்ப வந்தது. மறுபடி அழித்தார்கள், மறுபடி வந்தது. இப்போது ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

என்ன கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. இந்தத் தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் வண்டியே தன் பழுதைக் கண்டு சொல்லும் ஓ.பி.டி. 2 முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட், எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே மாதிரி கோடு எண்கள். பிறகு மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. பி0171 என்று வந்தால், காற்றோடு ஒப்பிடும்போது எரிபொருள் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டு சொன்னது ஆக்சிஜன் சென்சார். உடனே சேதி கொண்டுவந்தவனையே மாற்றிவிடுகிறார்கள்! காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறதா, ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கா, பெட்ரோல் பம்ப் வலுவிழந்ததா என்று பார்க்க வேண்டியது மெக்கானிக்கின் வேலை. இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் வருகிற வேக்வம் ஹோஸை நான் விரலால் மடக்கித் தடவிப் பார்ப்பேன். மேலே பார்த்தால் புதிது போலவே இருக்கும். வளைவின் அடிப்பக்கத்தில், இன்ஜின் சூடு படுகிற இடத்தில், மடக்கினால் மட்டும் வாய் பிளக்கிற ஒரு வெடிப்பு இருக்கும். அந்த ஒரு முழ ஹோஸை மாற்றியதும் விளக்கு திரும்பி வராமல் போன வண்டிகள் எத்தனையோ.

அழிப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. கோடு விழுந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு லோடில் ஓடியது என்பதையும் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அடுத்த முறை, "முதலில் படித்து எனக்கு எழுதிக் கொடுங்கள், காரணம் தெரிந்த பிறகு அழிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

பெட்ரோல் போட்ட மறுநாள் இந்த விளக்கு வந்தால், முதலில் டேங்க் மூடியைக் கழற்றி, 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகி மூடுங்கள். ஆவி கசிந்தாலும் விளக்கு எரியும். சில தடவை ஓட்டியதும் தானாக அணையும்.

விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. கன்வெர்ட்டர் உருகிப்போகிற அளவுக்குச் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாக ஓரங்கட்டுங்கள்.

கேள்வி: குளிர் நாட்களில் காலையில் வண்டி எடுத்தால் லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மதியம் அணைந்துவிடுகிறது. வீட்டில் "அது அப்படித்தான், விடு" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அண்ணா.

உங்கள் மனசு சொல்வதுதான் சரி, சகோதரி. அது டயரின் குறுக்குவெட்டுப் படம். காற்று குறைந்திருக்கிறது.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. அழுத்தம் குறையும். மதியம் வெயிலிலும் ஓட்டத்திலும் சூடேறி அந்தக் குறை மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். குறைந்த காற்று குறைந்தபடியே இருக்கிறது. அமெரிக்க விதிப்படி, குறிப்பிட்ட அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். அந்தக் கணக்கில் 33 இருக்க வேண்டிய டயர் 25-க்குப் பக்கத்தில் வந்த பிறகும் எரியாமல் இருக்கலாம். எரிந்துவிட்டது என்றால் குறை கண்ணுக்குத் தெரியாத அளவில் இல்லை.

வண்டி ஓடாமல் குளிர்ந்து நிற்கும்போது காற்று பிடியுங்கள். அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அதைப் பார்த்துப் பிடிக்காதீர்கள். பிடித்த பிறகும் ஒரே டயர் அடிக்கடி இறங்கினால் ஆணி ஏறியிருக்கலாம், வால்வு கசியலாம். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம்போலக் கண்சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கதை வேறு: பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

கேள்வி: ஓடும்போது பேட்டரி படம் சிவப்பாக வந்தது. புது பேட்டரி வாங்கிப் போட்டோம். மறுநாளே திரும்ப வந்துவிட்டது. பேட்டரியிலேயே கோளாறா?

பாவம், பேட்டரி மேல் தப்பே இல்லை. அந்தப் படம் சொல்வது "சார்ஜ் ஏறவில்லை" என்று. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றும் பெல்ட், நடுவில் இருக்கும் ஒயர், ஃபியூஸ் இவற்றில் ஏதோ ஒன்று. மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஓடும்போது திடீரென்று இந்த விளக்கோடு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கூலன்ட், மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும்.

கேள்வி: ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பிரச்சினையா?

மஞ்சளில் ஏ.பி.எஸ். மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் சடன் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டுங்கள். வீல் சென்சாரின் காந்த முனையில் இரும்புத் தூள் அப்பியிருப்பதைத் துடைத்தாலே சில வண்டிகளில் சரியாகிவிடும். கூடவே வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கும் எரிந்தால், ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எரிந்தால் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் குறைந்திருந்தாலும் ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள். பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும்; பேடையும் கசிவையும் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: எலெக்ட்ரிக் காரில் ஆமை படம் வந்தது. வண்டி வேகம் எடுக்கவே இல்லை.

கார் தன் பவரைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தாலோ, பேட்டரி மிகவும் சூடாகவோ குளிர்ந்தோ இருந்தாலோ வரும். போதுமான சார்ஜ் ஏறியும் போகவில்லை என்றால் சர்வீசுக்கு விடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி மாணவன். எங்கள் வீட்டு ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டது. வேறு ஒரு பழைய அடாப்டரின் பின் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாட்டலாமா?

மாட்டுவதற்கு முன்னால் கேட்டாயே தம்பி, அதுவே நல்ல புத்தி. பின் பொருந்துவதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படி. 'அவுட்புட்' என்ற வரியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அலை வளைவு இருந்தால் ஏ.சி. ரவுட்டருக்கு என்ன வேண்டும் என்று அதன் அடியில் எழுதியிருக்கும், அதோடு ஒத்துப்போக வேண்டும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ரவுட்டர் 12 வோல்ட் கேட்டால் 9-ம் வேண்டாம், 15-ம் வேண்டாம். ஆம்பியர் ரவுட்டர் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

கடைசியாக ஒரு சின்னப் படம்: நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வாய் திறந்த அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். நடுப்புள்ளியோடு கோடு சேர்ந்திருக்கும் குறிதான் பின்னின் உள்துளையில் வரும். ரவுட்டரிலும் அடாப்டரிலும் இந்தப் படம் ஒரே மாதிரி இல்லை என்றால் மாட்டாதே. தலைகீழாகப் போன மின்சாரத்தில் கருகிய போர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: போனில் சார்ஜர் சொருகினால் தண்ணீர்த் துளி படம் வருகிறது. ஐ.பி. 68 என்று எழுதிய போன் தானே?

போன் பிழைக்கும். சார்ஜர் முனைக்குத்தான் ஆபத்து. ஐ.பி. 68-ல் 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. போர்ட் ஈரமாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் பின்கள் அரித்துப்போகும். வாய் கீழே பார்க்கிறபடி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றாட வைத்துவிடுங்கள். ஹேர் டிரையர், குச்சி, பஞ்சு எதுவும் வேண்டாம்.

கேள்வி: என் சார்ஜரில் மூன்றாவது பின் இல்லை. எர்த் இல்லாமல் ஷாக் அடிக்காதா? ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கிறது, அது என்ன? எனக்கு வயது எழுபதுக்கு மேல்.

ஐயா, உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அந்த இரட்டைச் சதுரம் இரட்டைக் காப்பு என்பதற்கான குறி. மின்சாரம் ஓடும் பகுதிக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இரண்டு அடுக்குப் பாதுகாப்போ அதற்கு ஈடான ஒன்றோ இருக்கிறது, அதனால் எர்த் தேவையில்லை. சார்ஜரின் மேலோடு முழுசாக இருக்கிறவரை இது உண்மை. விரிசல் விட்டிருந்தாலோ, ஒயர் நுழையும் இடத்தில் உறை கிழிந்திருந்தாலோ டேப் சுற்றிப் பயன்படுத்தாதீர்கள், வேறு வாங்கிவிடுங்கள். உலோக உடம்புள்ள சாதனத்தில் இந்தச் சதுரம் இல்லாமல் மூன்று பின் இருந்தால், அதன் எர்த் பின்னை யார் சொன்னாலும் வெட்டவிடாதீர்கள். மின்னல் முக்கோணம் போட்ட மூடியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும்.